மின்னக் கூடாத போல்ட்டு

முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து என் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள் அந்தப் பெண். ஒரு போல்ட்டு. பளபளவென்று இருந்தது. அதன் மரையில், அதாவது நட்டு ஏறுகிற அந்தச் சுற்று வரிகளில், செம்பட்டையாக நாலைந்து முடி சிக்கியிருந்தது.

"இதே மாதிரி வேணும்க்கா. ஆனா மின்னக் கூடாது."

மதுரை அவனியாபுரத்தில் நட்டு போல்ட்டுக்கு நடுவே நான் உட்கார ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. துருப்பிடிக்கக் கூடாது என்பார்கள், உடையக் கூடாது என்பார்கள், கழலக் கூடாது என்பார்கள். மின்னக் கூடாது என்று வந்து நின்றவள் அவள் ஒருத்திதான்.

"எதுக்கு?" என்றேன்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என்னுடைய இந்த "எதுக்கு?" பழகியிருக்கும். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே 'எதுக்கக்கா'தான். போல்ட்டு கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க மாட்டேன். எங்கே போடப் போகிறீர்கள், எதைப் பிடிக்கப் போகிறது, மழை படுமா, அதிர்வு இருக்குமா என்று நோண்டுவேன். "பொண்ணு பாக்க வந்தவுக கூட இம்புட்டுக் கேள்வி கேக்கலக்கா" என்று ஒரு வெல்டர் தம்பி ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டான்.

இதில் வியாபாரத் தந்திரம் ஒன்றும் கிடையாது. பிறவிக் குணம். நாலாம் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் என்ன வேகிறது என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு.

## செவலை

அவள் பெயர் முத்துப்பேச்சி. அலங்காநல்லூர் தாண்டி உள்ளே ஒரு கிராமம். முப்பத்தைந்து வயதிருக்கும். போல்ட்டில் சிக்கியிருந்தது அவள் வளர்க்கும் காளையின் முடி. காளையின் பெயர் செவலை.

அவளுடைய அண்ணன் தவசி 'குட்டி யானை' ஓட்டுகிறார். யானை என்றதும் பயப்பட வேண்டாம், சின்னச் சரக்கு வண்டியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். செவலையை ஏற்றுவதற்காக அந்த வண்டியில் இரண்டு பக்கமும் பலகை அடித்து, பின்னால் ஏறுபலகை ஒன்றும் செய்து வைத்திருந்தார்கள். பலகைகளை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருந்தவை இந்தப் பளபள போல்ட்டுகள். அரை அங்குலம் கூடுதல் நீளம். வால் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததில், முதல் பயணத்திலேயே செவலையின் விலா கிழிந்துவிட்டது.

"புண்ணு ஆறிருச்சுக்கா. ஆனா அதுக்கப்புறம் வண்டியில ஏற மாட்டேங்குது. வெயில் பட்டா அம்புட்டு போல்ட்டும் கண்ணு மாதிரி முழிக்குது. அதப் பாத்துத்தான் மெரளுதுன்னு நெனைக்கிறேன்."

"ஏறலைன்னா என்ன? வீட்லயே நிக்கட்டுமே."

கேட்டிருக்கக் கூடாது. அவள் முகம் மாறிவிட்டது.

"அண்ணன் ஒத்துக்க மாட்டாருக்கா. ஏறாத மாட்ட வச்சு என்ன செய்யன்னு கேக்குறாரு. சல்லிக்கட்டுக்கு ஊரு ஊருக்கு நடத்தியே கூட்டிட்டுப் போக முடியுமா? ஞாயித்துக்கெழம மாட்டு ஏவாரி வாரான். அன்னைக்கு ஏறுச்சுன்னா நம்ம வீட்ல இருக்கும். ஏறலைன்னா அவன் கையில புடிச்சுக் கொடுத்துருவேன்னு சொல்லிட்டாரு. ஏவாரி காலக் கட்டித் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவான்."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஞாயிறுக்குள் ஒரு காளையின் மனதை மாற்ற என் கடையில் சரக்கு இருக்கிறதா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

## நாலு பூச்சு

போல்ட்டு வாங்க வருகிறவர்கள் அளவைத்தான் பெரிதாக நினைப்பார்கள். மேல்பூச்சைச் சேலைக்கு நிறம் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். மண்டபம் கட்டும் ஒருவர் மஞ்சள் பூச்சுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். எதுக்கு என்றேன். "மங்களகரமா இருக்கும்ல" என்றார். அது மேற்கூரைத் தகரத்துக்குள் போய் மறைகிற போல்ட்டு. எந்தக் கல்யாணப் பெண் அண்ணாந்து பார்க்கப் போகிறாள்?

வெள்ளைப் பூச்சு, மஞ்சள் பூச்சு இரண்டும் மெல்லிசு. பார்க்க அழகு, மழையில் நின்றால் சில வருடத்தில் துரு எட்டிப் பார்க்கும். கருப்பு போல்ட்டு என்பது சுட்டு எண்ணெய்ப் பதம் ஏற்றியது. எண்ணெய் காயாதவரை தாங்கும். நாலாவது, கொதிக்கிற துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. கம்பெனிக்காரர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொல்வார்கள், நான் 'முக்கினது' என்பேன். சாம்பல் நிறம், தடவினால் சொரசொரக்கும், அழகு என்ற பேச்சே இல்லை. ஆனால் தண்ணீரில் கிடந்தாலும் சட்டை செய்யாது.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவருக்கு ஒருமுறை இந்த முக்கின போல்ட்டைக் கொடுத்தேன். ஆற்றோரத்து மோட்டார் கொட்டகை, தரை காய்ந்ததே கிடையாது. மறுநாளே கொதித்துப்போய் வந்தார். "ஒங்க நட்டு ஏறவே மாட்டேங்குதும்மா. பல்லு ரெண்டும் பேந்துரும் போல." தப்பு என் மேல்தான். முக்கி எடுத்ததில் போல்ட்டு தடித்துவிடும், சாதாரண நட்டு அதில் ஏறாது. அதற்கென்றே உள்மரையைக் கொஞ்சம் அகலமாக வெட்டிய நட்டு தனியாக வரும். அன்றைக்கு அவருக்கு ஒரு கட்டு வெற்றிலை அளவுக்குச் சமாதானம் சொல்லி, சரியான நட்டைக் கொடுத்து அனுப்பினேன். (வெற்றிலையைக் கொடுத்தது அவர்தான். கோபம் தணிந்தபிறகு.)

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

## விளக்குமாற்றுக் குச்சி

"நீளம் என்ன வேணும்?" என்று முத்துப்பேச்சியிடம் கேட்டேன். இடுப்பிலிருந்து ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்து நீட்டினாள். பலகையும் இரும்புச் சட்டமும் சேர்ந்த கனத்துக்கு ஒடித்தது.

எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அளவு கொண்டுவருவது இப்படித்தான். குச்சி, நூல் கயிறு, பீடிக்கட்டு அட்டை. விரலை நீட்டி "இம்புட்டு" என்று காட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் விரலை நான் அளந்துகொள்வேன்.

கனம் கேட்டால் "நாலு நூல்" என்றாள். ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பாகம் ஒரு நூல். நாலு நூல் என்றால் அரை அங்குலம். ஆசாரிகளும் வெல்டர்களும் இன்றும் நூலில்தான் பேசுவார்கள், பெட்டியில் வருவதெல்லாம் மில்லிமீட்டர். அரை அங்குலத் துளைக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட்டு ஒழுங்காகப் போகும். அதனால் அந்த அளவிலேயே தேடினேன்.

தேடித் தேடிக் கண்டுபிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பஸ் பாடி கட்டுகிறவர்கள் போடுகிற கேரியேஜ் போல்ட்டு. தலை இட்லி மாதிரி வழவழப்பாக, கழுத்து மட்டும் சதுரமாக இருக்கும். சதுரக் கழுத்து மரத்தைக் கவ்விக்கொள்ளும், இட்லித் தலை உள்பக்கம் வரும், நட்டு வெளியே போய்விடும். காளை உரசினாலும் கீறாது. நிறம் கருப்பு. ஒரு மினுக்கு கிடையாது.

குச்சியோடு வைத்துப் பார்த்தேன். நட்டு உட்கார்ந்து இரண்டு மரை மிச்சம். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

கருப்பு நட்டுதான் இல்லை. டப்பாவைக் கவிழ்த்தால் நாலு விழுந்தது. அவளுக்கு வேண்டியது நாற்பது.

பக்கத்து டப்பாவில் முக்கின நட்டு நிறைய இருந்தது. சாம்பல் நிறம், அதுவும் மின்னாது. அதே பன்னிரண்டு மில்லிமீட்டர். ஒன்றை எடுத்துப் போட்டுக் காட்டினேன். விரலால் ஒரு சுண்டு சுண்டியதும் சரசரவென்று அடிவரை ஓடியது.

"கையிலேயே ஏறுதேக்கா!" முத்துப்பேச்சிக்கு அவ்வளவு சந்தோஷம். "எங்கண்ணன் ஒவ்வொண்ணையும் போட அம்புட்டுப் பேச்சுப் பேசுவாரு."

நானும் சிரித்தேன். நாற்பதையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

## ஒரு கால் மட்டும்

வெள்ளிக்கிழமை காலை அவளிடமிருந்து போன் வந்தது.

"ஒரு கால வச்சுச்சுக்கா. வச்ச வேகத்துல பின்னாடி துள்ளிருச்சு. இப்ப முன்னைக்கு மோசம். வண்டிப் பக்கத்துலயே வர மாட்டேங்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "அண்ணன் ஏவாரிக்குப் போன் போட்டுட்டாரு."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. விவரம் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். ஆனால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. மின்னுவதை நிறுத்தியாயிற்று, கிழிப்பதை நிறுத்தியாயிற்று. பிறகும் ஏன் துள்ளுகிறது? காளைக்கு என்னதான் தெரிகிறது?

மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் மாறி, அலங்காநல்லூரில் இறங்கி, அங்கிருந்து முத்துப்பேச்சியின் ஸ்கூட்டி. நாற்பது போல்ட்டு விற்ற கடைக்காரி வீடு தேடிப் போனது அதுதான் முதல் தடவை.

செவலை கட்டுத்தறியில் நின்றது. நான் நினைத்ததைவிட உயரம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. தவசி வண்டியில் சாய்ந்து நின்றார். கும்பிடவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"மாட்டப் பாக்கவா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தீக?"

"போல்ட்டப் பாக்க வந்தேன் தம்பி."

முதலில் மினுக்கு. வெயில் நேராக விழுந்தது, ஒரு போல்ட்டும் முழிக்கவில்லை. பிறகு வாடை. கருப்பு போல்ட்டில் எண்ணெய் வாடை இருக்கும், அதுவாக இருக்குமோ என்று முத்துப்பேச்சி சீயக்காய் போட்டு எல்லாத் தலையையும் தேய்த்துக் கழுவினாள். கடையிலிருந்து கொண்டுபோயிருந்த ஒரு புது போல்ட்டை எண்ணெயோடு செவலையின் மூக்கருகே நீட்டினேன். முகர்ந்தது. நக்கியது. கையோடு சேர்த்துத் தின்றுவிடுமோ என்று நான்தான் பின்வாங்கினேன்.

"வாடையும் இல்ல" என்றாள் முத்துப்பேச்சி. குரல் இறங்கிவிட்டது.

"அதுக்குப் புத்தி பெரண்டு போச்சு. இதுக்கு மேல போல்ட்டு என்ன செய்யும்?" என்றார் தவசி.

என்ன செய்வதென்று தெரியாமல் நானே ஏறுபலகையில் ஏறினேன். காளை எங்கே கால் வைத்ததென்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் வைத்தேன். என் எடையைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத விரும்பவில்லை. பலகைக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். காதில் கேட்டதைவிட உள்ளங்காலில்தான் அதிகம் தெரிந்தது. காலை எடுத்தேன், இன்னொரு 'டிக்'.

குனிந்து அடியில் கைவிட்டேன். நட்டு இறுகின மாதிரிதான் இருந்தது. ஆட்டினேன். இறுகிய நட்டு ஆடியது. தவசியிடம் ஸ்பேனர் வாங்கித் திருகினேன். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, கவ்வவே இல்லை.

சோழவந்தான்காரர் அப்போதுதான் நினைவுக்கு வந்தார்.

முக்கின நட்டு, தடித்த போல்ட்டுக்காக அகலமாக வெட்டியது. கருப்பு போல்ட்டு தடிக்கவில்லை. தடித்த மாப்பிள்ளைக்குத் தைத்த சட்டையை ஒல்லிப் பையனுக்கு மாட்டிவிட்ட கதை. விரலால் சுண்டியதும் ஓடியதே, அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். தவசி பலமாக முறுக்கியதும் நுனிப்பிடி பிடித்திருந்த மரைகள் மழுங்கிப்போயின. ஒரு விரல்நுனி அளவுகூடப் பலகை நகரவில்லை. செவலைக்கு அது போதுமாயிருந்தது. அத்தனை எடையோடு முழுசாக ஏறியிருந்தால், அல்லது நெடுஞ்சாலையில் போகும்போது பக்கப்பலகை கழன்றிருந்தால் என்று நினைத்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

"தப்பு என்னோடது தம்பி" என்றேன். "நட்டு மாத்திக் கொடுத்துட்டேன். தெரியாமக் கொடுக்கல, தெரிஞ்சிருந்தும் யோசிக்காமக் கொடுத்தேன். பலக ஆடுது. மாடு சரியாத்தான் சொல்லியிருக்கு."

தவசி பலகையில் தன் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். டிக்.

"அம்புட்டுக் கேள்வி கேப்பாகளாமே ஒங்க கடையில" என்றார். "இதக் கேக்கலையா?"

அவமானமாக இருந்தது. முத்துப்பேச்சி என் பக்கம் பார்க்காமல் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

## எனக்கே ஒரு எதுக்கு

சனிக்கிழமை காலை. கருப்பு நட்டு நாற்பது வேண்டும், கம்பெனியில் சொன்னால் புதன்கிழமை என்கிறான். உடனே கிடைக்கக்கூடிய இடம் ஒன்றுதான்.

சில வாரங்களுக்கு முன் ஒரு போட்டிக் கடைக்காரரைப் பற்றி இங்கே எழுதி, நீங்களும் சிரித்தீர்களே, அவர்தான். வாஷரை ஊதிப் பார்த்து விற்பவர். பத்திரிகை அவர் கடையிலும் வருகிறது என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிந்தது. மேசை மேல் கிடந்தது.

"பன்னெண்டு எம்.எம். கருப்பு நட்டு நாப்பது வேணும்ணே."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். டப்பா பக்கம் போகவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எதுக்கு?" என்றார்.

வாங்கிய அடி வலிக்கத்தான் செய்தது. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. குச்சியிலிருந்து டிக் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் சிரிப்பை மறந்துவிட்டார். எழுந்து போய் நட்டை எடுத்துவந்து, ஒவ்வொன்றையும் ஒரு கருப்பு போல்ட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் பொட்டலத்தில் போட்டார். நாற்பதுக்கும் நட்டைக் கழலவிடாத ஸ்பிரிங் வாஷர் தானாகவே சேர்த்தார்.

"ஆடுற எடம். இது இல்லாம போடாத தாயி" என்றார். "மாடு ஏறுச்சான்னு போன் பண்ணு. எனக்கும் தெரியணும்ல."

போல்ட்டுக் கடைக்காரர்களில் நான் ஒருத்திதான் இப்படி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மதியத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்தேன். தவசி பழைய நட்டுகளைக் கழற்றினார். மழுங்கிய போல்ட்டுகளை மாற்றப் புதியது கொண்டுபோயிருந்தேன். புது நட்டு விரலுக்கு ஓடவில்லை. பாதிக்கு மேல் ஸ்பேனர் கேட்டது. ஒவ்வொன்றையும் அவர் இறுக்க, நான் ஆட்டிப் பார்த்தேன். கடைசி நட்டு முடிந்ததும் இருவரும் சேர்ந்து பலகையில் ஏறிக் குதித்தோம். சத்தமே இல்லை. அன்றே செவலையைக் கொண்டுவரலாமா என்றேன். முத்துப்பேச்சி வேண்டாம் என்றாள். அது பயந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, இன்றைக்கும் வற்புறுத்தினால் நாளைக்கு முகம் கொடுக்காது என்றாள்.

## ஞாயிறு

வியாபாரி எனக்கு முன்பே வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், மரியாதையாகப் பேசினார். அவருடைய லாரி தெருமுனையில் நின்றது, அதில் கயிறு சுருட்டி வைத்திருந்தது.

முத்துப்பேச்சி செவலையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். இழுக்கவில்லை. மூக்கணாங்கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ஏறுபலகைக்கு முன்னால் நின்றாள். செவலை தலையைத் தாழ்த்திப் பலகையை முகர்ந்தது. இட்லித் தலை ஒன்றை நக்கியது.

வலது முன்காலை வைத்தது.

நான் அந்த 'டிக்'குக்காகக் காது கொடுத்தேன். காளையும் அதற்காகத்தான் நின்றது என்று அடித்துச் சொல்வேன். காதுகள் இரண்டும் முன்னால் திரும்பி அசையாமல் இருந்தன. தவசி வாயில் துண்டை வைத்துக்கொண்டிருந்தார்.

பலகை பேசவில்லை. செவலை அடுத்த காலை வைத்தது. அப்புறம் அதற்குப் பொறுமை இல்லை, தடதடவென்று மேலே ஏறி வண்டிக்குள் போய், நேராக முன்பலகையில் முகத்தை இடித்துக்கொண்டு நின்றது.

யாரும் கைதட்டவில்லை. முத்துப்பேச்சி பக்கப்பலகை மேல் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

தவசி வியாபாரியிடம் போனார். "அண்ணே, டீ சாப்பிட்டுப் போங்க" என்றார்.

வியாபாரிக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வந்த காலுக்கு ஒரு முயற்சி. "ஏறித்தான் நிக்குதே தவசி. அப்படியே நம்ம தோட்டத்துக்கு ஓட்டிருவமா?"

"டீ சாப்பிடுங்கண்ணே" என்றார் தவசி மறுபடி.

டீ வந்தது. செவலையை இறக்கலாம் என்று நான் கயிற்றைப் பார்த்தேன். முத்துப்பேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகைக்குக் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப எதுக்குக்கா எறக்கணும்? அது நிக்கட்டும்" என்றாள். "மொதல்ல அந்த லாரி போகட்டும்."